நாலு பெட்ரூம், ஒரு பாத்ரூம்

ஜூன் 12, 2025 – வியாழன்

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டியை நிரப்பிவிட்டுப் படுத்தேன். நைட் டூட்டி பார்த்து வந்த உடம்பு, அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. கண் அசரவில்லை, கதவைத் தட்டுகிறார்கள். வீட்டு புரோக்கர் கண்ணுச்சாமி. சென்னையிலிருந்து ஜெயசுந்தர் அனுப்பினானாம், வீட்டைப் பார்த்து விலை சொல்ல.

என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. அப்பா செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. கடைசி மூன்று வருஷம் அவருக்குப் பெட்பேன் வைத்தது நான். விலை பார்க்க ஆள் அனுப்புவது தம்பி.

கண்ணுச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார். தெற்கே தெருப்பக்கம் முன் அறை. பின்னால் வரிசையாக மூன்று: மேற்கே ஜெயசுந்தர் அறை, அவன் கல்யாணச் சாமான்களோடு பூட்டிக் கிடக்கிறது, நடுவில் அப்பா அறை, கிழக்குக் கடைசியில் என்னுடையது. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு ஜன்னல், அவ்வளவுதான் கொள்ளும். பிறகு புழக்கடைக் கதவைத் திறந்து, வெளியே இருக்கும் குளியலறையையும் கக்கூஸையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சிஸ்டர், நாலு பெட்ரூமு. ஒரே பாத்ரூமு, அதுவும் வெளிய. இந்தக் கணக்கு இப்ப ஓடாது."

"நாங்க நாலு பேரும் இதுலதான குளிச்சோம்?"

"குளிச்சீக, சரி. வாங்குறவுக வீட்டுக்கு மருமக வருவா. மழையில கொடையப் பிடிச்சுக்கிட்டு வெளிய போவாளா? ஒரு ரூமு கொறஞ்சாலும் பரவாயில்ல, உள்ள ஒரு பாத்ரூம் வேணும். மூணு பெட்ரூமு ரெண்டு பாத்ரூமுன்னு சொல்லிப் பாருங்க, வெல எங்கன போய் நிக்கிதுன்னு."

ஒரு அறையைத் தொலைத்தால் வீட்டுக்கு விலை கூடுமாம். மனிதர்கள் படுப்பதற்கு வீடு வாங்குவதில்லை போல.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். அப்பா அறையோடு சேர்கிற மாதிரி, பூட்டிக் கிடக்கிற மேற்கு அறையில் ஒரு துண்டு எடுத்துக் கட்ட வேண்டுமாம், மிச்சம் சாமான் போடத்தான் ஆகுமாம். என் அறை வாசலில் நின்று, "இந்த மூலையில மட்டும் கைய வச்சிராதீக" என்றார். ஏன் என்றேன். "உங்களுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். வாங்குறவுகளுக்கு இது ஈசானியம். வடகெழக்கு, சாமி மூல. இதுல கக்கூஸக் கட்டுனா வாசப்படி மிதிக்க மாட்டாக."

தூக்கம் போச்சு.

ஜூன் 15 – ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் ஜெயசுந்தருக்கு நானே போன் போட்டேன். வீட்டை விற்றால் நான் எங்கே போவது என்று கேட்டேன்.

"ஒங்க ஹாஸ்பிட்டல்ல நர்ஸுங்களுக்கு ஹாஸ்டல் இருக்குல்லக்கா?"

எனக்கு ஐம்பத்தொரு வயது. டிரெயினிங் பிள்ளைகளோடு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டுமாம், இவனுக்குப் பெரம்பூரில் ஃப்ளாட் வேண்டும் என்பதற்காக! போனை வைத்துவிட்டேன். நான் என்ன, வீட்டுக்கு ஒட்டுத் திண்ணையா? ஒண்ட வந்தவளா?

ஜூன் 18

என்னோடு வேலை பார்க்கும் மாரிசெல்விக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். பாதி எனக்கு உண்டு. ஆனால் அவன் பாகப்பிரிவினை கேஸ் போட்டால், பிரிக்க முடியாத வீடு என்று கோர்ட்டே ஏலத்துக்கு விட்டுவிடலாமாம். மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ள முடியாது.

ஜூலை 6 – ஞாயிறு

இருவரும் வந்தார்கள். ஜெயசுந்தரும் அவன் மனைவி ஜெபராணியும். கூடவே கொத்தனார் காசிராஜன். ஆடியில் புது வேலை யாரும் தொடங்க மாட்டார்கள், கொத்தனார் சும்மா இருப்பார், கூலி குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். தீபாவளிக்குப் பிறகு பட்டாசுக்காரர்கள் கையில் பணம் புரளும்போது வீடு தயாராக நிற்க வேண்டுமாம்.

மேற்கு அறையில் ஒரு துண்டு எடுக்கலாம் என்று கண்ணுச்சாமி சொன்னதைச் சொன்னேன். ஜெபராணி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவள் அப்பா கொடுத்த தேக்குக் கட்டில், கண்ணாடி பீரோ, எல்லாம் அதற்குள் இருக்கிறதே. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அந்தக் கட்டிலில் அவள் படுத்தது கிறிஸ்மஸ் ராத்திரிகள் மட்டும்.

"மதினி ரூமு சின்னது, அதுதான் வசதி" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, தேன் ஒழுகுகிற குரலில்: "மதினி, நீங்க நைட் டூட்டி. பகல்லதான தூங்குறீக. ஹால்ல ஃபேன் காத்து நல்லா வருமே."

பகலில் தூங்குகிறவளுக்குக் கதவு வேண்டாமா? எந்த ஊர் நியாயம் இது?

அப்போதுதான் ஈசானிய மூலையைச் சொன்னேன். வாங்குகிறவர்கள் பார்ப்பார்கள், வீடு விலை போகாது என்று. ஜெயசுந்தர் சிரித்தான். நிஜமாகவே சந்தோஷமாகச் சிரித்தான்.

"ஒன் ரூமக் காப்பாத்த வாஸ்துவா? சுந்தர்ராஜ் வாத்தியார் மக வாஸ்து பேசுறா! நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுக்கா, நீ அத நம்புறியா?"

நம்பவில்லை. எப்படி நம்புவேன்? அந்த மூலையில் முப்பது வருஷம் என் செருப்பும் பழைய துணியும்தான் கிடந்தன. இல்லை என்றேன். அவனுக்கு அது போதும்.

"புரோக்கரு கமிஷனுக்காக ஆயிரம் சொல்லுவான்" என்று முடித்துவிட்டான். காசிராஜனும் வாயைத் திறந்தார்: "சார், அந்த மூல..." ஜெயசுந்தர் கையைக் காட்டினான். "நாங்க அதெல்லாம் பாக்குறதில்ல." அவர், "உங்க இஷ்டம் சார்" என்று டேப்பை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு அடியில் அளக்கப் போனார்.

ஜூலை 13 – ஞாயிறு

போதகர் கோயில் வாசலில் நிறுத்தினார். "பியூலாம்மா, நாள் பாக்குறது, மூல பாக்குறதெல்லாம் நமக்கு உண்டாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். பின்னால் மாதர் சங்கப் பெண்கள் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

சென்னைக்குப் போனவன் சும்மா போகவில்லை, இங்கே ஊதிவிட்டுப் போயிருக்கிறான். இல்லை ஐயா என்றேன். வேறென்ன சொல்ல? சுந்தர்ராஜ் வாத்தியார் பெற்ற பிள்ளைகளில் இப்போது விசுவாசத்தில் உறுதியாக நிற்பது அந்தப் பயல்தான், சபைக் கணக்குப்படி.

ஜூலை 24

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் விபத்து. ராத்திரி முழுக்கத் தீக்காயம். ஒரு பெண், ராக்காயி என்று பெயர், விடியும் வரை என் கையை விடவில்லை. விடிந்து கையை நானாகத்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தால் என் கட்டில் ஹாலில் கிடக்கிறது. பீரோ சமையலறை வாசலில், கண்ணாடிப் பக்கம் சுவரைப் பார்த்து. அறைக்குள் காசிராஜனின் ஆட்கள் தரையைக் கொத்திக்கொண்டிருக்கிறார்கள். சாவி யார் கொடுத்தது? போன தடவை வந்தபோதே தம்பி ஒன்று அடித்துக் காசிராஜனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் டூட்டிக்குப் போகிற நேரம் பார்த்து...

டே ஜெயசுந்தர், நல்லா இருடா. நீ நல்லா இரு.

ஜூலை 25

தூங்கவில்லை. இடிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. மாரிசெல்வி இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள், அவள் டூட்டியும் என் தலையில். ஹாலில் படுத்தால் தெருவில் போகிற ஒவ்வொரு மூன்று சக்கர லோடு வண்டியும் தலைக்குள் ஏறி இறங்குகிறது. மருந்து டிரேயை இன்று இரண்டு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அப்படி ஒருநாளும் நேர்ந்ததில்லை.

செப்டம்பர் 21 – ஞாயிறு

முடிந்துவிட்டது. அப்பா அறையிலிருந்து சுவரை உடைத்துக் கதவு. இளஞ்சிவப்பு டைல்ஸ், ஜெபராணி தேர்வு. வெஸ்டர்ன் கக்கூஸ், கீசர், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே குழாயில் வருகிற மாதிரி ஏதோ ஒரு பிடி. திருகுவதா தூக்குவதா என்று அதைக் கட்டியவனுக்குத்தான் வெளிச்சம். என் ஜன்னலை மட்டும் அடைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டு விட்டுவிட்டார்கள்.

வீடியோ காலில் சுற்றிக் காட்டச் சொன்னான். காட்டினேன். "எப்பிடிக்கா, ஸ்டார் ஓட்டல் மாதிரி இல்ல?" என்றான். என் தலையணை இருந்த இடத்தில் கக்கூஸ் இருந்தது. கேமராவை அதன் பக்கம் சற்று நேரம் கூடவே பிடித்தேன்.

அதில் நான் குளிக்கப் போவதில்லை. வெளியேதான் போகிறேன்.

நவம்பர் 8 – சனி

தீபாவளி முடிந்தது, ஊர் பணத்தை எண்ணி முடித்தது. கண்ணுச்சாமி வந்தார். புது பாத்ரூமைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நானும் சொன்னேன். என்னைய வாஸ்துக்காரின்னு சபையில ஏத்திவிட்டான்."

ஜெயசுந்தருக்குப் போன் போட்டு வாசலில் நின்று நிறைய நேரம் பேசினார். பிறகு என்னிடம் வந்து, "சாயங்காலமாக் கூட்டியாரேன். லைட்டப் போட்டு வைங்க. டைல்ஸப் பாப்பாக, தெசயப் பாக்க மாட்டாக" என்றார். தொழில்!

நவம்பர் 15 – சனி

வீடு பார்க்க முதல் கூட்டம். சிவபாண்டி, லேபிள் அச்சடிக்கும் கம்பெனி வைத்திருக்கிறவர். மனைவி பாண்டிலட்சுமி. பொழுது இறங்கியபிறகு வந்தார்கள். கண்ணுச்சாமி வழிமறித்து நின்று பேச்சிலேயே வீட்டைச் சுற்றிக் காட்டினார். மூணு பெட்ரூமு, ரெண்டு பாத்ரூமு, மூணு பெட்ரூமு, ரெண்டு பாத்ரூமு. ஏலம் போடுகிற குரல். பாண்டிலட்சுமிக்கு டைல்ஸ் பிடித்துவிட்டது. கீசரைத் தொட்டுப் பார்த்தாள். "வயசானவுகளுக்கு வெளிய போகவேண்டாம்ல" என்றாள் புருஷனிடம். அவர் சொன்ன விலைக்கு ஜெயசுந்தர் போனிலேயே தலையாட்டியிருப்பான்.

ஹாஸ்டல் வராண்டாவும் பக்கெட் வரிசையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்க வருகிறோம் என்றார்கள். எத்தனை மணிக்கு வரலாம் என்று என்னைக் கேட்டாள்.

"காலையில வாங்க, ஏழு மணிபோல. வீடு நல்லா வெளிச்சமா இருக்கும்" என்றேன்.

கண்ணுச்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 16 – ஞாயிறு

வெற்றிலைத் தட்டும் பழமுமாக வந்தார்கள். நான் முன்னமே அந்தக் கறுப்புக் கண்ணாடி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். பாண்டிலட்சுமி இன்னொரு தரம் பாத்ரூமைப் பார்க்க ஆசையாகப் போனாள். கதவைத் திறந்ததும் வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. கையை வைத்து மறைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கீழே கக்கூஸைப் பார்த்தாள். அந்த அறை வீட்டின் எந்தக் கடைசியில் இருக்கிறது என்று புழக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்கன வாங்க. பொழுது எங்கிட்டுக் கெளம்புது?"

அவர் வந்தார், பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காபியைக்கூடக் குடிக்கவில்லை. கார் கிளம்பும்போது அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அதுதான் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் ஜெயசுந்தர் கத்தினான். "நீ என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"காபி வேணுமான்னு கேட்டேன்."

நான் பொய் சொன்னேனா? இல்லை. ஜன்னலைத் திறந்தேன். காற்று வர ஜன்னல் திறப்பது தப்பா? போதகரிடம் போய் இதைச் சொல்லட்டும் அவன்.

காலையில் அவர்கள் போனதும் ஆராதனைக்கு ஓடினேன், நேரமாகிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நவம்பர் 23

இரண்டாவது கூட்டம். ஆலங்குளத்திலிருந்து. காலையில்தான் வரச் சொன்னேன்.

நவம்பர் 30

மூன்றாவது. இவர்கள் வாசலிலேயே போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு வந்தார்கள். எனக்கு வேலையே வைக்கவில்லை.

டிசம்பர் 7 – ஞாயிறு

இன்று பயந்துவிட்டேன்.

வந்தவர்கள் நம் சபைக்காரர்கள். சாத்தூர் பக்கம் கணவன் மனைவி இருவரும் டீச்சர். ஜெயசுந்தர் அவனாகவே தேடிப் பிடித்திருக்கிறான். ஜன்னல் திறந்திருந்தது, வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த டீச்சரம்மா, "நல்லா வெளிச்சமா இருக்கே, பாத்ரூம் ஈரம் காஞ்சிரும்" என்றாள்! ஹாலில் என் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டேன். முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அந்த வாத்தியார்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். கர்த்தர் இருக்காரு. ஆனா நாளைக்கு நாங்க இத விக்கணும்னு வந்தா, வாங்குறவங்க பாப்பாங்கல்ல?"

கர்த்தர் இருக்கிறார், ஆனால் மறுவிலையும் இருக்கிறது. நம் ஜனங்கள்!

அவர்கள் போனதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஏனோ அது நிற்கவில்லை.

டிசம்பர் 25

ஜெயசுந்தர் வரவில்லை. கேக்கும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் கிறிஸ்மஸ், மேற்கு அறைப் பூட்டு திறக்காமல்.

ஜனவரி 18, 2026 – ஞாயிறு

மார்கழி முடிந்ததும் அவன் புது யோசனையோடு போன் போட்டான். பாத்ரூமை இடித்துவிட்டு மறுபடி அறையாக்கிவிடலாமாம். கண்ணுச்சாமியைக் கேட்டேன். "இடிச்சா மட்டும்? கக்கூஸ் இருந்த ஈசானியம்னு ஊருக்கே தெரியும் சிஸ்டர். பேரு கெட்டா கெட்டதுதான்" என்றார். ஜெயசுந்தரிடம் அதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன்.

பிறகு, "நீயே என் பாதிய எடுத்துக்கிறியாக்கா?" என்றான்.

"எடுத்துக்கிறேன். நாலு பெட்ரூமு ஒரு பாத்ரூமு வீட்டுக்கு என்ன வெலயோ, அதுக்கும் கீழ. கெட்டுப்போன வீடு பாரு."

"கட்டுன செலவு?"

"அதக் கட்டச் சொன்னது நானா?"

ஜெபராணி பின்னால் ஏதோ சொல்வது கேட்டது. சண்டை போடுவான் என்று காத்திருந்தேன். போடவில்லை. சரி என்றான். பெரம்பூர் ஃப்ளாட் கைவிட்டுப் போய்விட்டதாம், மாரிசெல்வி யார் மூலமோ கேள்விப்பட்டுச் சொன்னாள். நான் வருத்தப்பட வேண்டுமா? என் கட்டிலைத் தூக்கி ஹாலில் போட்டவன் வருத்தப்பட்டானா?

பிப்ரவரி 19 – வியாழன்

பத்திரம் முடிந்தது. பி.எஃப். பணத்தையும் கடனையும் சேர்த்துக் கொடுத்தேன். ஓய்வு பெறும் வரை கட்ட வேண்டும்.

பதிவு அலுவலகத்திலிருந்து இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மேற்கு அறையைத் திறந்து தேக்குக் கட்டிலையும் பீரோவையும் மினி லாரியில் ஏற்றினார்கள். கட்டிலின் ஒரு காலைக் கரையான் அரித்திருந்தது. ஜெபராணி அதைத் தடவிப் பார்த்தாள். "போயிட்டு வாரோம் மதினி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜெயசுந்தருக்குச் சர்க்கரை. அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. வந்ததும் நேராகப் புழக்கடைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான், சின்ன வயதில் போகிற மாதிரியே. உள்ளே அவன் கட்டியது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவனும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. திரும்பி வந்து வாசலில் கை கழுவும்போது, "தண்ணி இன்னும் பத்து நாளைக்கு ஒருதரந்தான் வருதாக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

பிப்ரவரி 20 – வெள்ளி

டூட்டி முடிந்து வந்து கட்டிலை மேற்கு அறைக்கு இழுத்துப் போட்டேன். தனி ஆளாக இழுத்ததில் தரை கீறிவிட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தேன். மாதக்கணக்கில் ஏங்கிய தாழ்ப்பாள். மத்தியானத்துக்கு மேல் சுவர் அனலாகக் கொதித்தது. மேற்கு வெயில் இவ்வளவு அடிக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. எழுந்து அப்பா அறையில் படுத்துப் பார்த்தேன். முன் அறையில் படுத்துப் பார்த்தேன். மூணு பெட்ரூம், ரெண்டு பாத்ரூம், ஒரு ஆள். தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 21 – சனி

முட்டி வலி. வெளியே போகப் படி இறங்க முடியவில்லை. புது பாத்ரூமுக்குப் போனேன். முதல் தடவை.

வெயில் டைல்ஸ் மேல் விழுந்துகொண்டிருந்தது, முன்பு என் கட்டில் மேல் விழுகிற அதே இடத்தில். நல்ல பாத்ரூம்தான். தண்ணீர் தேங்காமல் சரிவு பார்த்துப் போட்டிருக்கிறான். பிடித்து எழுந்திரிக்கச் சுவரில் ஒரு கம்பிகூட வைத்திருக்கிறான். அதை இதுவரை நான் கவனிக்கவில்லை.

கீசரைப் போட்டுவிட்டு அந்தக் குழாய்ப் பிடியோடு மல்லுக்கட்டினேன். எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் என்று தெரியவில்லை. ஜெயசுந்தருக்குப் போன் போட்டால் சொல்லுவான். போனை எடுத்தேன், பெயர் வரைக்கும் போனேன். வைத்துவிட்டேன்.

பச்சைத் தண்ணீரிலேயே குளித்தேன்.